க்னியெஸ்னோ பேராலயப் பதக்கம்: பழுப்பா, வெள்ளி முலாமா?

போன வருடம் போலந்தில் போஸ்னானுக்குப் பக்கத்திலிருக்கும் க்னியெஸ்னோ பேராலயத்தைப் பார்த்துவிட்டு, நானும் நண்பரும் ஆளுக்கொரு நினைவுப் பதக்கம் வாங்கினோம். ஒரே அச்சு. ஒரு பக்கம் இரட்டைக் கோபுரங்களோடு ஆலயம், மறுபக்கம் அதன் புகழ்பெற்ற கதவுகள். நான் பழுப்பு நிறம் ஏற்றியதை எடுத்தேன், அவர் வெள்ளி முலாம் பூசியதை.

அளவும் கனமும் ஒன்றே. வெள்ளி முலாம் கொஞ்சம் விலை கூட. பார்த்தவுடன் கண்ணை இழுப்பதும் அதுதான்.

ஆனால் இந்தப் பதக்கத்தின் உயிர் கதவுப் பக்கத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் வெண்கலக் கதவுகள் அவை. போலந்துக்காரர்கள் வொய்ச்சேக் என்றழைக்கும் புனித அடல்பர்ட்டின் வாழ்க்கை 18 காட்சிகளாக ஓடுகிறது. இடக்கதவில் கீழிருந்து மேலே ஏற வேண்டும், வலக்கதவில் மேலிருந்து கீழே இறங்க வேண்டும். 997இல் மதம் பரப்பப் போன இடத்தில், பால்டிக் கடலோரப் பழங்குடியினரான பிரஷ்யர்கள் அவரைக் கொன்ற பிறகு, அப்போது போலந்தை ஆண்ட போலெஸ்வாவ் அவர் உடலைத் தங்கம் கொடுத்து மீட்கும் காட்சி வலக்கதவில் கீழிருந்து மூன்றாவது. பதக்கத்தில் அந்தக் கட்டம் அரிசி மணி அளவுதான். என்னுடையதில் பள்ளங்கள் கறுத்து, மேடுகள் வெளுத்து நிற்பதால், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் அந்தத் தங்கத்தை நிறுக்கும் தராசு தெரிகிறது. நண்பருடையதில் அந்த இடத்தில் வெளிச்சம்தான் பளிச்சிடுகிறது.

சரி, எது அழகு என்பது அவரவர் கண். எனக்கு முடிவைத் தீர்த்தது பராமரிப்பு. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே உலோகம்: செம்பு அதிகமும் துத்தநாகம் குறைவுமாகக் கலந்த டொம்பாக். வெள்ளி அதன்மேல் ஒரு மெல்லிய தோல். காற்றிலுள்ள கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். கறுத்தால் கை சும்மா இருக்காது, தேய்ப்போம். தேய்க்கும்போது முதலில் அடிபடுவது உயர்ந்து நிற்கும் இடம். நண்பரின் பதக்கத்தில் கோபுர நுனிகளில் இப்போதே மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. மறுபடி முலாம் பூசலாம்தான், ஆனால் ஒவ்வொரு பூச்சும் நுணுக்கத்தைக் கொஞ்சம் மூடும்.

பழுப்புப் பதக்கத்துக்கு உலர்ந்த மென்துணி போதும். கை பட்டுக் கொஞ்சம் மெருகேறினாலும் பார்க்க நன்றாகவே இருக்கிறது, கதவின் வெண்கலத்துக்கும் அந்த நிறம் பொருந்துகிறது. ஒன்றே ஒன்று: குத்துவிளக்கு நினைப்பில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். அந்த நிறம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது, புளி அதை ஒரே நாளில் கழற்றிவிடும். பிவிசி உறையும் வேண்டாம். நாளாக நாளாக அது அமிலம் கசிந்து, செம்பில் பச்சை பூக்க வைக்கும்.

என் அனுபவம் ஒரு வருடம்தான், அதுவும் வறண்ட அறையில். கடலோர ஊரின் உப்புக்காற்றில் பழுப்பும் இதே மாதிரி நிற்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மறுவிற்பனைக்கும் இரண்டில் எதையும் கொண்டுபோனதில்லை. ஆனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது தேய்மானத்தைத்தான் என்பதால், அங்கும் என் ஓட்டு பழுப்புக்கே.

யாருக்காவது பரிசாகக் கொடுத்து, அவர் மூடிய பெட்டியிலேயே வைத்திருப்பார் என்றால் வெள்ளி முலாம் வாங்கலாம். மேசைமேல் வைத்து அடிக்கடி கையில் எடுப்பவர் பழுப்பையே எடுங்கள். அப்புறம், கடையில் ஆலயப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாமல், திருப்பி அந்தத் தராசு தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.