தலைக்கு மேலே வந்தும் ஊர் சேரவில்லை

சிங்கப்பூரிலிருந்து சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர். நாலு மணி நேரத்தில் வந்துவிட்டேன். மதுரைக்கு நேரடி விமானம் உண்டு, ஆனால் ஜனவரியில் நான் கேட்ட தேதிக்கு இடமில்லை. சரி, மறுநாள் காலை முதல் விமானத்தைப் பிடிப்போம் என்று இருந்தேன். வான்வழியில் 420 கிலோமீட்டர்தான், ஒன்றேகால் மணி நேரம்.

ஏழேகாலுக்கு மதுரைக்கு மேலே இருந்தோம். கீழே ஊரே தெரியவில்லை, ஒரே பனிமூட்டம். அதற்கு மேலே யானைமலையின் முதுகு மட்டும் எட்டிப் பார்த்தது. ஒத்தக்கடையில் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் பார்த்த மலை. மூன்று சுற்று சுற்றிய பிறகு, ஓடுபாதை தெரியவில்லை, சென்னைக்கே திரும்புகிறோம் என்று விமானி அறிவித்தார். அவர் செய்தது சரி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விமான நிலையத்தில் காரோடு நின்ற அண்ணன் பிறகு சொன்னார்: "தலைக்கு மேலதான்டா சத்தம் கேட்டுச்சு. இந்தா இறங்கிருவான், இட்லி ஊத்துங்கன்னு அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன்."

கோபம் வந்தது சென்னையில் இறங்கிய பிறகுதான். கவுண்டரில் ஒரே ஒரு பையன். அடுத்த விமானம் எப்போது என்று கேட்டால் "வெயிட் பண்ணுங்க" என்பதைத் தவிர அவனிடம் பதில் இல்லை. அவனுக்கே யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பெட்டி கைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பேத்தியின் காதுகுத்துக்குக் கிளம்பிய ஒரு பெரியம்மா, டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஒவ்வொருவரிடமும் "எப்பப்பா போகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் எம்.ஆர்.டி. ரயில் பத்து நிமிடம் தாமதமானாலே ஸ்டேஷனில் அறிவிப்பார்கள், போனுக்கும் தகவல் வந்துவிடும். இங்கே மட்டும் எல்லார் கையிலும் போன் இல்லையா? டிக்கெட் எடுக்கும்போது வாங்கிய நம்பருக்கு ஒரு வரி அனுப்ப என்ன தடை?

பதினொன்றரைக்கு மேல் பொறுக்க முடியவில்லை. எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூர் போனேன். கரண்ட் புக்கிங்கில் வைகை எக்ஸ்பிரஸில் உட்கார இடம் கிடைத்தது! 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓடத் தொடங்கிய வண்டி. அப்பா ஆபீஸ் வேலையாகச் சென்னை போகும்போதெல்லாம் அதில்தான் போவார். தண்டவாள வழியில் 493 கிலோமீட்டர். விழுப்புரம் வந்ததும் விழுப்புரம் என்று தெரிந்தது, திருச்சி வந்ததும் திருச்சி என்று தெரிந்தது. அது போதுமாக இருந்தது. கொடைரோடு தாண்டியதும் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு கதவோரம் வந்துவிட்டேன்.

ஒன்பதரை வாக்கில் மதுரை ஜங்ஷன் வாசலில் அதே காரோடு அண்ணன். வீட்டில், காலையில் எனக்காக ஊற்றிய இட்லியை அம்மா உப்புமாவாகக் கிளறி மூடி வைத்திருந்தார்.