லஞ்ச் சீட் (சோறு சுத்துற பொலித்தீன் தாள்) இல்லாத சாப்பாட்டுக்கடை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம்

கம்பசுக்குக் கிட்ட ஒரு சின்னச் சாப்பாட்டுக்கடை, கம்பஸ் பெடியள் பெட்டையள் ஓனர் அண்ணையோட விடாமல் கதைச்சுக் கதைச்சு இப்ப சோறு முழுக்க வாழையிலையிலயும் பனையோலைத் தட்டுவத்திலயும்தான், 2017 செப்டெம்பரிலயே நாட்டில லஞ்ச் சீட்டைத் தடை செய்தாச்சு, ஆனா கன கடையள்ல இன்னும் அதிலதான் சுத்தித் தருகினம்.

கத்தரிக்காய்ப் பால்கறியும் முருங்கையிலை வறையும் அந்த மாதிரி, சொதிதான் கொஞ்சம் தண்ணி. சனிக்கிழமையில ஒடியல் கூழ் (காய்ஞ்ச பனங்கிழங்கு மாவில காய்ச்சிறது) போடுவினம், பனையோலையில மடிச்ச பிளாவில ஊத்தித் தர அந்த ஓலை மணத்தோட சூடா உறிஞ்சிக் குடிக்கோணும், கப்பில குடிச்சா அந்த ருசி வராது.

சுவரில பெடியள் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கினம், எங்களுக்கு ஆறில்லை கிணறுதான் எண்டு. உண்மைதானே, சுண்ணாம்புக்கல் நிலம், மேல என்னத்தைக் கொட்டினாலும் கீழ கிணத்துத் தண்ணிக்க இறங்கிடும், சுன்னாகத்தில கிணறுகளுக்க எண்ணெய் கலந்ததை ஆர் மறக்கிறது? இந்தப் பிள்ளையளை நினைக்க எனக்குச் சரியான சந்தோசம்.

பார்சலுக்கு வீட்டில இருந்து பெட்டி கொண்டு போங்கோ, காசு குறைப்பினம். ஒரு மணிக்குப் பிறகு போனா இலையும் முடிஞ்சு பால்கறியும் முடிஞ்சிடும்.