முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்து ஜெல் ஊசி விற்கிறார்கள், உஷார்

அம்மாவுக்கு 52 வயது. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்காது, காபி டம்ளரைப் பிடிக்கவே ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் முட்டியும் வீங்கியது. 'ஆபரேஷன் இல்லாமல் மூட்டு வலிக்குத் தீர்வு' என்று போர்டு மாட்டிய ஒரு சென்டருக்குப் போனோம்.

முட்டிக்கு மட்டும் எக்ஸ்ரே, அதுவும் படுக்கவைத்து. "ஜவ்வு தேஞ்சுபோச்சும்மா, வயசாகுதுல்ல" என்று ஜெல் ஊசி பேக்கேஜுக்கு 40,000 ரூபாய் கறந்துவிட்டார்கள். அம்மா கையை நீட்டிக் காட்டினார். "பாத்திரம் தேய்க்கிற கை, அப்படித்தான் இருக்கும்" என்றார் அந்த ஆள். ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே இல்லை. எக்ஸ்ரேக்குத் தனியாகக் காசு வாங்கியவர்கள் ஃபிலிமைக் கொடுக்க மாட்டேன் என்றார்கள், சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

ஊசி போட்டும் வீக்கம் வற்றவில்லை. ருமட்டாலஜிஸ்ட் (மூட்டுவாத நிபுணர்) அந்த ஃபிலிமைப் பார்த்துவிட்டு, நிற்கவைத்து இன்னொன்று எடுத்தார். உடம்பு எடை முட்டியில் இறங்கினால்தான் மூட்டு இடைவெளி சரியாகத் தெரியுமாம். வயசுத் தேய்மானமாக இருந்தால் பெரும்பாலும் முட்டியின் உள்பக்க இடைவெளிதான் குறையுமாம், ஓரத்தில் எலும்பு முள் துருத்துமாம். அம்மாவுக்கு முட்டியின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே சீராகக் குறைந்திருந்தது. முள் இல்லவே இல்லை. ஆனால் சென்டர் ரிப்போர்ட்டில் முள் இருக்கிறது! யாருடைய ரிப்போர்ட்டை எடுத்து ஒட்டினார்களோ.

அடுத்து கைகளுக்கு எடுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் மூட்டில், பேனா நுனியை வைத்துக் காட்டினார்: எலும்பின் ஓரம் கரையான் அரித்த மாதிரி குழிந்திருந்தது. மூட்டைச் சுற்றி எலும்பு வெளுப்பு குறைந்து மங்கலாக இருந்தது. நகத்தை ஒட்டிய கணுக்களில் ஒன்றும் இல்லை. தேய்மானம் என்றால் அங்கேதான் தெரிந்திருக்கும் என்றார். ரத்தப் பரிசோதனையில் ஆன்டி-சிசிபி (இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள்), ஈ.எஸ்.ஆர். (உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டுவது) இரண்டுமே அதிகம். முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கும் நோய்.

அரித்தது அரித்ததுதான், இனி அரிக்காமல் பார்க்கத்தான் மருந்து. மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள். (தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து, சீட்டை நன்றாகப் படியுங்கள்.)

காலையில் கை இறுகிப்போகிறவர்கள் முட்டிப் படத்தோடு நிற்காதீர்கள், கைக்கும் எடுக்கச் சொல்லுங்கள். 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்னாலும் விடாதீர்கள். ஆரம்பத்தில் படத்தில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலேயே மூட்டுவாத நோய்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்கிறார்கள். பில், ஃபிலிம், ரிப்போர்ட் மூன்றையும் வைத்து நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன்.