விமான நிலைய வீல்சேர் சேவை: தனியாகப் பயணம் செய்யும் மூத்த பெண்ணுக்கு எவ்வளவு பயன்?

65 வயதைக் கடந்த பெண் தனியாக விமானம் ஏறப்போகிறாள் என்றால், டிக்கெட் எடுக்கும்போதே பிள்ளைகள் ஒரு வீல்சேரையும் சேர்த்துப் பதிந்துவிடுகிறார்கள். அவளைக் கேட்டுப் பதிகிறார்களா என்பது வேறு கதை. முழங்கால் தேய்மானம் உள்ள, ஆனால் கைத்தடியுடன் நன்றாகவே நடக்கக்கூடிய ஒருத்தியாக, இந்தச் சேவையைப் பல விமான நிலையங்களில் பயன்படுத்திய அனுபவத்தில் சொல்வதானால், இது கால்களுக்குத் தரும் ஓய்வில் பாதியைக் கூட மனத்துக்குத் தருவதில்லை. உடன் ஒருவர் வரும் பயணியை மனத்தில் வைத்தே இதை அமைத்திருக்கிறார்களோ என்ற ஐயம் எனக்கு ஒவ்வொரு முறையும் எழுகிறது.

முதலில் இதன் நன்மைகள். பெரிய விமான நிலையங்களில் நுழைவாயிலிலிருந்து விமானத்தின் கதவு வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும். அந்தத் தூரத்தை இச்சேவை முழுமையாக மிச்சப்படுத்துகிறது. பாதுகாப்புச் சோதனையிலும் குடியேற்றச் சோதனையிலும் பெரும்பாலும் தனி வரிசை கிடைப்பதால், ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடலாம். இதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதிமுறையும், அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டு விமானப் பயண அணுகல் சட்டத்தின் கீழ் வந்த விதிகளும் சொல்கின்றன. ஐரோப்பிய விதிப்படி, விமானம் புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தேவையைத் தெரிவித்துவிட வேண்டும். எந்த நாட்டில் ஏறினாலும் இந்தக் கணக்கையே பின்பற்றுவது நல்லது.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது குறியீடு. விமான நிறுவனங்கள் வீல்சேர் தேவையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் நெடுந்தூரம் நடக்க இயலாது, ஆனால் படி ஏறி இறங்க இயலும் என்று பொருள். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படிகளும் இயலாது, விமானத்துக்குள் மட்டும் நடக்க இயலும். டபிள்யூ.சி.எச்.சி. என்பது இருக்கை வரையிலும் பிறர் உதவி வேண்டியவர்களுக்கு. இணையத்தில் அவசரமாகப் பதிபவர்கள் முதலாவதையே தேர்ந்தெடுத்துவிடுவதால், விமானம் முனையத்தை ஒட்டி நிற்காமல் தொலைவில் நிற்கும் நாளில், பேருந்திலிருந்து இறங்கி உயரமான படிக்கட்டின் அடியில் நிற்கும் நிலை வந்துவிடுகிறது. இரண்டாவது குறியீடு பதிவாகியிருந்தால், விமானக் கதவு வரை உயர்த்தும் லிஃப்ட் வண்டியைக் கேட்டுப் பெறலாம். தனியாகச் செல்பவளுக்கு அந்த ஓர் எழுத்து மிகவும் முக்கியம், ஏனெனில் படிக்கட்டில் கைப்பையை வாங்கிக்கொள்ளவும் கைகொடுக்கவும் அருகில் ஆள் இருக்காது.

என் பெரிய குறை காத்திருப்பு குறித்தது. ஒரு விமான நிலையத்தில் என்னைப் போன்ற பலரைச் சுவரோரமாக வரிசையாக நிறுத்திவிட்டு, தள்ளிவந்த இளைஞர் அடுத்த பயணியை அழைத்துவரச் சென்றுவிட்டார். பல விமான நிலையங்களின் வீல்சேர்களில் பின்பக்கக் கைப்பிடியை அழுத்தினால்தான் பிரேக் விடும். அமர்ந்திருப்பவர் தாமாக ஓர் அங்குலம் கூட நகர்த்த முடியாது. எதிரிலேயே கழிவறையின் பெயர்ப்பலகை தெரிந்தது. நான் எழுந்து நடந்தே போய்வந்தேன். என் அருகில் இருந்த, என்னைவிட மூத்த அம்மாள், எழுந்தால் வண்டி போய்விடுமோ, பை காணாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில் அடக்கிக்கொண்டே அமர்ந்திருந்தார். தாமாக நகர முடியாத நாற்காலியில் ஒரு பயணியை 30 நிமிடங்களுக்கு மேல் ஆளின்றி விட்டுச் செல்லக் கூடாது என்பதும், வழியில் கேட்டால் கழிவறை வாசலில் நிறுத்த வேண்டும் என்பதும் அமெரிக்க விதிகளில் எழுதப்பட்டே உள்ளன. கழிவறைக்குச் செல்ல உதவுவதை ஐரோப்பிய விதிமுறையும் சேவையின் பகுதியாகவே வைத்திருக்கிறது. எங்கே இருந்தாலும், நாற்காலியில் அமர்ந்தவுடனேயே வழியில் கழிவறையில் நிறுத்த வேண்டும் என்று சொல்லிவிடுவதில் கூச்சமே கூடாது.

அடுத்தது பேச்சு. குடியேற்ற அதிகாரி என் பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "இவர் எங்கே போகிறார்?" என்று எனக்குப் பின்னால் நின்றவரிடம் கேட்டார். அவருக்கு எப்படித் தெரியும்? நானே பதில் சொன்னேன். அடுத்த கேள்வியும் அவரிடமே போனது. இதில் தள்ளுபவரின் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் அவர் கையில் கொடுத்துவிடும் வழக்கம்தான் இதைத் தொடங்கிவைக்கிறது. ஆவணங்கள் என் மடியில் உள்ள சிறிய பையிலேயே இருக்கும். கேட்கும் இடத்தில் நானே எடுத்து நீட்டி, உடனே திரும்ப வாங்கிக்கொள்வேன். மருந்துகளும் அதே பையில்தான். பெரிய கைப்பெட்டியை அவர் தள்ளலாம், இதை மட்டும் யாரிடமும் தருவதில்லை.

முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் உலோகம் காட்டும் வாயிலைக் கடக்கும்போது மணி ஒலிக்கக்கூடும், அப்போது கையால் தடவிச் சோதிப்பார்கள். சோதிப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும், தேவையெனில் தனி அறையில் நடத்த வேண்டும் என்றும் கேட்கலாம். அங்கே பணியாளர்கள் பொதுவாகப் பண்பாகவே நடந்துகொள்கிறார்கள்.

விமானத்தில் முதலில் ஏற்றுவார்கள், கடைசியில்தான் இறக்குவார்கள். ஆகவே இணைப்பு விமானம் இருந்தால் இடைவெளியை விமான நிறுவனம் காட்டும் குறைந்தபட்ச நேரத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. உதவி கேட்டவர்களுக்கு அவசர வழி வரிசையில் இடம் தரமாட்டார்கள் என்பதால், கால் நீட்டும் ஆசையில் அதற்குப் பணம் கட்டுவதும் வீண். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணங்களில் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் ஆபத்து கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லிவரும் ஒன்று. அதற்கு முன்பே நாற்காலியில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பது எனக்கு உடன்பாடில்லை. விமானம் ஏறும் வாயிலுக்கு வந்ததும் பணியாளரிடம் சொல்லிவிட்டுச் சற்று உலாவுகிறேன்.

வலியை விட வழி தவறிவிடும் கவலையே பெரிதாக உள்ளவர்களுக்கு வீல்சேர் தேவையே இல்லை. எம்.ஏ.ஏ.எஸ். என்ற குறியீட்டில், வரவேற்று உடன் நடந்து வழிகாட்டும் உதவி ஒன்று இருக்கிறது. எல்லா விமான நிறுவனங்களும் அதை இலவசமாகத் தருவதில்லை, கேட்காமல் தாமாகச் சொல்வதும் அரிது. பயணம் குறுகியதாக, கால்களும் ஒத்துழைக்கும் நாளாக இருந்தால் நான் இப்போது அதைத்தான் கேட்கிறேன். நீண்ட பயணத்துக்கு மட்டும் வீல்சேர், அதுவும் குறியீட்டை நானே சொல்லி.