பரு வரும் முகத்துக்கு ஸ்குவாலேன்: பின்பக்கம் ஒரே பெயர் இருக்கும் பாட்டில்

எண்ணெய் வடிகிற முகம், எதைப் பூசினாலும் நெற்றியிலும் தாடையிலும் பொரிப்பொரியாகக் கிளம்பும் என்கிறவர்கள் பயமில்லாமல் வாங்கக்கூடிய எண்ணெய் ஒன்று உண்டென்றால் அது ஸ்குவாலேன்தான். நான் பயன்படுத்துவது தி ஆர்டினரி விற்கும் தாவர ஸ்குவாலேன், 30 மில்லி பாட்டில். இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் பாட்டிலின் பின்பக்கம். பொருள் பட்டியலில் ஸ்குவாலேன் என்று ஒரே ஒரு பெயர், அவ்வளவுதான். வாசனைக்கென்று எதுவும் சேர்க்கவில்லை, நிறமும் இல்லை.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், தோலின் துளையை அடைக்காது என்ற பொருளில் முன்பக்கம் போடுகிறார்களே ‘நான்-காமிடோஜெனிக்’, அந்தச் சொல்லுக்கு அமெரிக்காவில் மருந்து, அழகுசாதனப் பொருள்களைக் கண்காணிக்கும் எஃப்டிஏகூட வரையறை வைக்கவில்லை. என்ன சோதனை செய்துவிட்டு அதைப் போட்டார்கள் என்று வாங்குகிற நமக்குத் தெரிய வழியில்லை. அந்த வார்த்தையைப் பெரிய எழுத்தில் போட்டிருந்த ஒரு கிரீமைக் கடையில் திருப்பிப் பார்த்தேன், மூன்றாவது பெயரே ஐசோபுரொப்பைல் மிரிஸ்டேட். துளையை அடைக்கும் என்று பெயரெடுத்த பொருள், பரு வருகிறவர்கள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துத் தவிர்க்க வேண்டிய பெயரே அதுதான்!

சரி, எந்தப் பொருள் எவ்வளவு துளையை அடைக்கும் என்று இணையத்தில் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு (5தான் மோசம்) ஒரு அட்டவணை சுற்றுகிறதே, அதை வைத்துக்கொண்டு வாங்கலாமா? ஓரளவுக்குத்தான். அந்த மதிப்பெண்களில் பெரும்பாலானவை முயல் காதின் உள்பக்கத்தில் பொருளைத் தடவிப் பார்த்துக் கொடுத்தவை, முயல் காதுத் தோலோ நம் தோலைவிட சுலபமாக அடைத்துக்கொள்ளும். 2006இல் பரு வரும் ஆட்களின் முதுகிலேயே சோதித்தபோது, அட்டவணையில் மோசம் என்று இருக்கும் பொருள்கள் கலந்த கிரீம்கள் துளையை அடைத்தே தீரும் என்றில்லை என்று தெரிந்தது. அளவும் மற்ற சேர்மானமும் முக்கியம் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில்தான் அச்சிட வேண்டும், அதனால் முதல் ஐந்தாறு பெயர்களைக் கவனமாகப் படித்தால் பாட்டிலுக்குள் பெரும்பகுதி என்ன என்று தெரிந்துவிடும். கடைசி வரியில் இருக்கும் ஒரு பெயருக்காக நல்ல கிரீமைத் தூக்கி எறியத் தேவையில்லை.

ஸ்குவாலேனுக்கு வருவோம். நம் தோலில் ஊறும் எண்ணெயிலேயே பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் ஸ்குவாலீன் (லேன் அல்ல, லீன்) இருக்கிறது. அது வெயிலும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும், அப்படிக் கெட்டுப்போன ஸ்குவாலீன் துளையை அடைக்கிற வேலையைச் செய்கிறது. அதிலேயே ஹைட்ரஜன் ஏற்றி நிலையாக்கியதுதான் ஸ்குவாலேன், அது சுலபத்தில் கெடாது. இன்னொன்று, தோலில் வாழும் மலசீஸியா என்கிற ஈஸ்ட் கொழுப்பு அமிலங்களைத் தின்று வளரும், ஸ்குவாலேனில் கொழுப்பு அமிலமே கிடையாது. நெற்றியில் ஒரே அளவில் அரிக்கும் பொரி வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். முன்பு சுறா ஈரலிலிருந்து எடுத்தார்கள், இப்போது ஆலிவிலிருந்தும் கரும்பிலிருந்தும் வருகிறது, வாங்கும்போது தாவர ஸ்குவாலேன்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

தேங்காயெண்ணெய் இருக்க இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். தேங்காயெண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம், அட்டவணையில் இரண்டுக்குமே 4. கை காலுக்கும் முடிக்கும் தாராளமாகத் தடவுங்கள், பரு வரும் முகத்துக்கு வேண்டாம். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் இறங்கினாலே பரு வரலாம், அதற்கு பொமேட் ஆக்னி என்று மருத்துவத்தில் தனிப் பெயரே இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. இது பருவை ஆற்றும் மருந்து கிடையாது, ஈரத்தைப் பூட்டி வைக்கும் எண்ணெய் மட்டுமே. காய்ந்த முகத்தில் பூசினால் வழவழப்புதான் மிஞ்சும், முகம் கழுவிய ஈரத்தோடு இரவில் இரண்டு சொட்டு போதும். சென்னை வெயிலில் பகலில் சன்ஸ்கிரீனுக்கு அடியில் பூசினால் முகம் மினுமினுத்துக்கொண்டே இருக்கும், நான் பகலில் தொடுவதே இல்லை. பருவுக்கு அடாபலீன் ஜெல் என்ற மருந்து போட்டுத் தோல் உரிகிறவர்களுக்கு இது நல்ல ஆறுதல். எண்ணெயே ஆகாது என்பவர்கள் செராவே பிஎம் லோஷனைப் பாருங்கள், தண்ணீருக்கு அடுத்து கிளிசரின், அப்புறம் நியாசினமைடும் (வைட்டமின் பி3 வகை) செரமைடுகளும் (தோலிலேயே இருக்கும் கொழுப்புகள்) என்று அதன் பட்டியலும் எனக்குத் திருப்தியாகவே இருக்கிறது.

எதை வாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள்தான், அதுவும் முதலில் தாடை ஓரத்தில் மட்டும். துளை அடைத்துப் பருவாக வெளியே தெரியச் சில வாரங்கள் ஆகும், அதனால் மூன்று நாளில் ஒன்றும் வரவில்லை என்று முகம் முழுக்கப் பூச ஆரம்பித்துவிடாதீர்கள்.