ரீசெட்டா, ரிப்பேரா, புதுசா? மைக்ரோவேவ் படுத்தும்போது எந்த வழி

மைக்ரோவேவ் மக்கர் பண்ண ஆரம்பித்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து டவுனில் இருப்பவர்களுக்கு நாலு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கி மறுபடி மாட்டிப் பார்க்கலாம். கடைத்தெரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவுக்குக் காரில் ஏற்றி, கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுக்கலாம். இல்லை, தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்கலாம். காசே செலவாகாத வழியில் தொடங்கி, கை கடிக்கும் வழிவரை ஒவ்வொன்றாகப் போவதுதான் நம் ஆட்களின் பழக்கம். காசு வீணாவதே இந்த வரிசையால்தான் என்பது என் கட்சி. கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால், நாலில் மூன்று வழி தானாகவே விழுந்துவிடும்.

பெட்டிக்குள் மூன்று பக்கம் இருக்கிறது. எண்களும் பொத்தான்களும் உள்ள பேனல் ஒன்று. கதவும் அதன் சுவிட்சுகளும் இரண்டாவது. சூட்டை உண்டாக்கும் மேக்னட்ரான், டிரான்ஸ்பார்மர் கூட்டம் மூன்றாவது. ரீசெட் வேலைக்காவது முதல் பக்கத்துக்கு மட்டும்தான்.

பிளக்கைப் பிடுங்குவது

ரீசெட்டுக்கென்று தனிப் பொத்தான் எல்லாம் கிடையாது. சுவரில் சுவிட்சை அடைத்து, பிளக்கை வெளியே எடுத்து, சில நிமிடம் சும்மா விட்டு, மறுபடி மாட்டுவதுதான் ரீசெட். சாயங்கால இடிமழையில் கரண்டு போய்ப் போய் வரும்போது பேனலில் இருக்கும் சில்லு குழம்பிப்போகிறது. எண்கள் பாதி மட்டும் எரியும், எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது, சில சமயம் பீப் சத்தம் நிற்கவே நிற்காது. இதற்கெல்லாம் ரீசெட் நல்ல மருந்து. ஆனால் பிடுங்கிய கையோடு மாட்டினால் பலன் இல்லை. பேனலில் இருக்கும் சின்னக் கப்பாசிட்டர்களில் மிச்சமிருக்கும் கரண்டு வடிய வேண்டும். கோப்பி கலக்கிக் குடித்துவிட்டு வந்து மாட்டினால் சரியாக இருக்கும்.

மாட்டியதும் கடிகாரம் 0:00 என்று மின்னும். சில மாடல்கள் மணியைச் சரிபண்ணும்வரை, அல்லது கதவை ஒருதரம் திறந்து மூடும்வரை, வேலை செய்யாது. அதைப் பார்த்துவிட்டு ரீசெட் தோற்றுவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். திரையில் பூட்டுப் படமோ சாவிப் படமோ தெரிந்தால் அது பிள்ளைகளுக்கான பூட்டு. யாரோ துடைக்கும்போது விழுந்திருக்கும். பல மாடல்களில் ஸ்டாப் பொத்தானை 3 விநாடி அழுத்திப் பிடித்தால் விடுபடும். இன்னொரு வேடிக்கை, கடையில் காட்சிக்கு வைக்கும் டெமோ நிலை. எண் இறங்கும், விளக்கு எரியும், சோறு மட்டும் சில்லென்று இருக்கும். அதிலிருந்து வெளியே வரும் முறை கையேட்டில் இருக்கும்.

பேனலே எரியவில்லை என்றால் பெட்டியைக் குறை சொல்லும் முன் சுவரைப் பாருங்கள். அதே பிளக் பாயிண்டில் கெட்டிலை மாட்டுங்கள். அதுவும் உயிர் பெறாவிட்டால் கோளாறு மைக்ரோவேவில் இல்லை. நம் மூன்று பின் பிளக்குக்குள்ளேயே ஒரு 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது, அதையும் மாற்றிப் பார்க்கலாம். பழைய தோட்டத்து வீடுகளில் ஒரே எக்ஸ்டென்ஷனில் மைக்ரோவேவ், கெட்டில், ரைஸ் குக்கர் மூன்றும் தொங்குவதைப் பார்க்கிறேன். 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் என்றால் மொத்தமே 2,990 வாட். கெட்டில் 2,000 எடுத்துக்கொண்டால், 700 வாட் என்று விற்கிற மைக்ரோவேவ் சுவரிலிருந்து இழுக்கும் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இடமே இல்லை. அந்த 700 என்பது சோற்றுக்குப் போகும் சூட்டின் கணக்கு, கரண்டு பில்லின் கணக்கு அல்ல. எக்ஸ்டென்ஷனைத் தூக்கிப்போட்டு நேராகச் சுவரில் மாட்டியதும் சூடு திரும்பிவந்த மைக்ரோவேவ்கள் நிறைய.

மாட்டிய மறுவிநாடியே வீட்டு மெயின் போர்டில் இஎல்சிபி (கரண்டு கசிந்தால் தானே விழும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறதென்றால் ரீசெட் விளையாட்டு அங்கேயே முடிந்தது. உள்ளே எங்கோ கரண்டு கசிகிறது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது தைரியம் இல்லை.

சூட்டைச் சோதிக்க ஒரு குவளைத் தண்ணீர் போதும். 250 மில்லி தண்ணீரை முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டுங்கள். 700 வாட் பெட்டியில் கணக்குப்படி சுமார் 40 பாகை ஏற வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் குவளையிலிருந்து ஆவி எழும். விளக்கு எரிந்து, தட்டு சுற்றி, எண்ணும் இறங்கி, தண்ணீர் அப்படியே இருந்தால் மூன்றாவது பக்கம் போய்விட்டது. இனி எத்தனை தடவை பிளக்கைப் பிடுங்கினாலும் பயனில்லை. நல்ல நிலையில் விசிறிச் சத்தத்துக்கு அடியில் ஒரு கனத்த ‘ம்ம்ம்’ கேட்கும். அது இல்லாவிட்டால் சூட்டுப் பக்கத்துக்குக் கரண்டு போகவில்லை என்று பொருள். வழக்கத்தைவிட முரட்டுத்தனமாக உறுமி, சூடு மட்டும் வராவிட்டால் உயர் வோல்ட் டையோடோ கப்பாசிட்டரோ போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பொறி பறந்தால் கதையே வேறு. பாதிக்குமேல் குற்றவாளி நாம்தான். நாசி லெமாக் பொட்டலத்தில் குத்திய ஸ்டேப்ளர் கம்பி, தங்கக் கரை போட்ட பீங்கான், பாட்டி காலத்து மங்குத் (எனாமல்) தட்டு. மங்குக்கு மேல்பூச்சுதான் பளபளப்பு, உள்ளே முழுக்க இரும்பு. இவை எதுவும் இல்லாமலும் பொறி வந்தால் உள்சுவரில், பெரும்பாலும் வலது பக்கம், அட்டை மாதிரி தெரியும் மைக்கா தகட்டைப் பாருங்கள். கறிக்குழம்பு தெறித்து, காய்ந்து, கருகி, ஓட்டை விழுந்திருக்கும். புது மைக்கா விலை சொற்பம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டி நாமே மாட்டிவிடலாம். அதற்கு வெளிக்கூட்டைத் திறக்க வேண்டியதில்லை. திறக்க வேண்டி வருகிற வேலை எதுவும் நம் வேலை இல்லை.

கடைத்தெரு ரிப்பேர் கடை

ஏன் திறக்கக்கூடாது? டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டை 2,000 வோல்ட் அளவுக்கு ஏற்றுகிறது. கப்பாசிட்டரும் டையோடும் சேர்ந்து அதை 4,000க்குத் தூக்குகின்றன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தக் கப்பாசிட்டரில் ஆளைக் கொல்லும் சார்ஜ் நிற்கலாம். அதை வடிக்க உள்ளேயே ஒரு தடுப்பான் வைத்திருப்பார்கள். அது கெட்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. யூடியூப் பார்த்து ஸ்குருடிரைவரை எடுக்கும் தம்பிகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ரிப்பேர் கடையின் உண்மையான பலம் கதவுப் பக்கம். கதவை மூடியும் ஓடவில்லை, கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் ஓடுகிறது என்றால் சுவிட்சோ கொக்கியோ தேய்ந்திருக்கிறது. பொதுவாகக் கதவுக்குப் பின்னால் மூன்று சுவிட்சுகள் இருக்கும். முதல் இரண்டும் கதவு திறந்ததும் சூட்டை நிறுத்த. அவை ஒட்டிக்கொண்டு நிறுத்தத் தவறினால், மூன்றாவது வேண்டுமென்றே ஷார்ட் பண்ணி ஃபியூஸை எரித்துவிடும். அதாவது ஃபியூஸ் போனது நோய் அல்ல, நோயின் அறிகுறியாக இருக்கலாம். ஃபியூஸை மட்டும் மாற்றிக் கொடுக்கிற கடைக்காரரிடம் “ஏன் அண்ணே போச்சு?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சுவிட்சுகளைப் பார்த்தேன் என்று சொன்னால் நல்ல கடை. ஃபியூஸ் இருந்த இடத்தில் கம்பியை முறுக்கி வைக்கிற ஆள் என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

இங்கே ஒரு கடையில் பார்த்த காட்சி. பொத்தான்கள் தானாகவே அழுந்துகின்றன என்று ஓர் அக்கா கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் பேனலைக் கழற்றி, பழைய நாளிதழ்மேல் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினார். பொலபொலவென்று எறும்பு, முட்டையோடு.

“சீனி டின்னு எங்கக்கா வச்சிருக்கீங்க?”

“மைக்ரோவேவ் மேலதான். ஏன்லா?”

அவர் பதில் சொல்லவில்லை, தூரிகையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் சூடான பேனலுக்குள் எறும்பும் பல்லியும் குடியேறுவது சாதாரணம். இந்த மாதிரி வேலைக்கு ரிப்பேர் கடைக்கு ஈடில்லை. கூலி குறைவு, காத்திருந்தே வாங்கிக்கொண்டு போகலாம். ஆனால் மேக்னட்ரானே போய்விட்டதென்றால் கணக்கு மாறுகிறது. பாகமும் கூலியும் சேர்ந்து புதுப் பெட்டியின் பாதி விலையைத் தொட்டால் என் வாக்கு ரிப்பேருக்கு இல்லை.

சர்வீஸ் சென்டர்

உத்தரவாதம் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், ரசீதோடு ஈப்போவுக்குக் கிளம்புங்கள். ஒரு திருகைக்கூட நீங்களோ கடைத்தெருக்காரரோ தொட்டிருக்கக்கூடாது. தொட்டால் உத்தரவாதத்தை மறந்துவிட வேண்டியதுதான். மேக்னட்ரானுக்கு மட்டும் தனியாகக் கூடுதல் ஆண்டு கொடுக்கிற கம்பெனிகளும் உண்டு, அட்டையைப் படித்துப் பாருங்கள். இழுத்தடித்தால் 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் உள்ள நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளிவரை கோரலாம். மைக்ரோவேவுக்காக இவ்வளவு தூரமா என்றால், புகார் கொடுப்பேன் என்று சொல்வதே சில இடங்களில் வேலையை முடித்துவிடுகிறது. உத்தரவாதம் முடிந்த சின்னப் பெட்டிக்கு மட்டும் இந்தப் பயணம் கட்டாது. பார்க்கவே ஒரு கட்டணம், போகவர எண்ணெய், திரும்பவும் ஒரு நாள்.

புதுசு

கதவு வளைந்திருந்தால், கண்ணாடி வலை கிழிந்திருந்தால், விளிம்பில் துரு ஏறிப் பிரிந்திருந்தால் பேரம் பேசாமல் மாற்றிவிடுங்கள். பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்குமேல் கசியக்கூடாது என்பது உலக அளவிலான வரம்பு. நல்ல கதவு அதற்கு வெகு கீழே நிற்கும். கைப்பேசியை உள்ளே வைத்து அழைத்துப் பார்க்கும் சோதனை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மணி அடித்தால் கசிவு என்பார்கள். கைப்பேசிக்கு மிக மெல்லிய சிக்னலே போதும், ஆகையால் பழுதில்லாத பெட்டிக்குள்ளும் மணி அடிக்கும். அதை நம்பிப் பயப்படவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம்.

20 லிட்டர் சாதாரணப் பெட்டி இருநூறு முந்நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. வாங்கும்போது திருகு குமிழா, பொத்தான் பேனலா என்ற கேள்வி வரும். ஃபேக்டரி ஷிப்ட் முடித்து நடுராத்திரி வந்து சோறு சூடுபண்ணுகிற வீட்டுக்கு நான் குமிழைத்தான் சொல்வேன். உறைந்துபோகச் சில்லு இல்லை, பூட்டு இல்லை, கரண்டு போய் வந்தால் மணி திருத்தவும் வேண்டாம். இருபது விநாடி, முப்பது விநாடி என்று துல்லியமாக வைக்க முடியாது. குழந்தைக்குப் பால் காய்ச்சும் வீட்டுக்கு அது குறைதான், அவர்கள் பேனலுக்குப் போகட்டும். எதுவானாலும் சிரிம் முத்திரை (மலேசியத் தரச் சான்று) இருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பழையதை யாரோ மலிவாகத் தருகிறார்கள் என்றால் கதவைப் பார்க்காமல் கை நீட்டாதீர்கள்.

தூக்கிப்போடுகிற பெட்டியைப் பழைய இரும்பு லோரிக்குக் கொடுக்கும் முன், பிளக் வெளியே இருக்கும்போதே வயரை அடியோடு வெட்டிவிடுங்கள். வாசலில் வைத்துவிட்டுப் போனால், சும்மா கிடைக்கிறதே என்று யாராவது எடுத்துப்போய் மாட்டிப் பார்ப்பார்கள்.