பருவதமலையா, அகத்தியமலையா?

கையில் சனி, ஞாயிறு. முதுகில் ஒரு பை. கால் மட்டும் போதாமல் கையையும் ஊன்றித் தொற்றி ஏற வேண்டிய பாறை. இப்படி ஒரு மலையைத் தேடுகிறவர்களுக்கு நம் பக்கத்தில் மூன்று பெயர்கள்தாம் முதலில் சொல்லப்படும்: வெள்ளியங்கிரி, பருவதமலை, அகத்தியமலை. மூன்றிலும் ஏறியவன் என்ற முறையில், வெள்ளியங்கிரியை எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிடுகிறேன்.

அந்த மலை மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு, பாம்பாட்டிச் சுனையில் முகம் கழுவி, ஏழாம் மலையில் விடியலைப் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. ஆனால் ஒரு வழிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதை படியும் சரிவுமாகவே போகிறது. மூச்சுக்கும் முழங்காலுக்கும் வேலை, கைக்கு வேலை இல்லை. பெரும்பாலோர் இரவில் ஏறுவதால் காடும் கண்ணில் படுவதில்லை. 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் பக்தர்கள் பலர் ஏறும் வழியிலேயே உயிரிழந்தார்கள். எல்லோரும் போகிறார்களே என்று பயிற்சி இல்லாமல் கிளம்புகிறவர்களைக் கண்டால் தடுத்து நிறுத்தவே மனம் சொல்கிறது. 10 வயதுக்கு மேல் 50 வயதுக்குள் இருக்கும் பெண்களை ஏறவிடாத வழக்கமும் அங்கே உண்டு. என் தங்கையும் என்னோடு மலையேறுகிறவள் என்பதால் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மீதி இரண்டையும்தான் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.

பருவதமலை திருவண்ணாமலை மாவட்டத்தில் கலசபாக்கம் வட்டத்தில் இருக்கிறது. போளூரில் பஸ் இறங்கி, தென்மகாதேவமங்கலம் போய்ச் சேர்ந்தால் அடிவாரம். சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி, சனி விடியலில் ஏறத் தொடங்கி, அன்று மாலையே இறங்கிவிடலாம். முன்பதிவு செய்து மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. உயரம் 4,560 அடி என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். தொடக்கத்தில் படிக்கட்டு, பிறகு கரடுமுரடான கல் பாதை. கடைசிப் பகுதியில்தான் மலை தன் முகத்தைக் காட்டும். கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி, ஆகாயப் படி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. பாறையில் அடித்து இறக்கிய இரும்புக் கம்பிகளில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து, ஒரு பக்கம் வெறும் வெளியாக இருக்க உடலை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும். உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும். அங்கே பக்தர்களே கருவறைக்குள் போய் வழிபடலாம்.

இந்த மலையைச் சங்க இலக்கியத்தின் நவிரமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாம் பாட்டில் இதன் உச்சியில் இருக்கும் காரியுண்டிக் கடவுள் பேசப்படுகிறார். குழியில் காலை விடாதே, பாம்பு உறையும் இடம் பார்த்து நட, வழுக்கும் பாறையில் எச்சரிக்கையாக இரு என்று அந்தப் பாட்டு அடுக்கிக்கொண்டே போகும். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய வழித்துணைக் குறிப்புகள் இன்றும் அப்படியே பொருந்துவதை அந்தக் கல் பாதையில் நடக்கும்போதுதான் உணர்ந்தேன்.

முதல்முறை நான் ஒரு தவறு செய்தேன். காலை ஒன்பது மணிக்குத்தான் ஏறத் தொடங்கினேன். கடப்பாறைப் படியை அடைந்தபோது உச்சி வெயில். இரும்பைத் தொட முடியவில்லை. தோளில் கிடந்த துண்டை இரண்டாகக் கிழித்துக் கைகளில் சுற்றிக்கொண்டு ஏறினேன். இதைவிடப் பெரிய இடைஞ்சல் கூட்டம். பௌர்ணமியிலும் மார்கழி முதல் நாளிலும் மேலே ஒருவர் பயந்து நின்றுவிட்டால், கீழே இருபது பேர் சங்கிலியைப் பற்றியபடி ஒற்றைக் காலில் காத்திருக்க வேண்டும். பாறையில் நம் வேகத்தில் போக முடியாததுதான் உண்மையான ஆபத்து. மழையில் இந்த மலைக்குப் போகவே கூடாது. இரும்பும் இடியும் சேரும் இடம் அது. இறங்கும் வழியில் ஓடைகளும் சட்டென்று பெருகும்.

அகத்தியமலை வேறு வகை. 1,868 மீட்டர். கேரளத்தின் நெய்யாறு வனவிலங்குச் சரணாலயத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி நிற்கிறது. கிழக்கே வடியும் நீர் தாமிரபரணியாக நெல்லைச் சமவெளிக்குப் போகிறது. நமக்குப் பொதிகை என்று பழக்கமான மலைதான். ஆனால் ஏறுவதற்கான வழி திருவனந்தபுரம், விதுரா, போனக்காடு என்று மேற்கிலிருந்து போகிறது. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி அல்லது மார்ச் வரை மட்டுமே கேரள வனத்துறை பொதுப் பருவமாகத் திறந்துவிடுகிறது. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு. மருத்துவச் சான்றிதழ் கட்டாயம்.

நேர்மையாகச் சொன்னால் அகத்தியமலை வார இறுதிக்குள் அடங்காது. வெள்ளிக்கிழமை விடுப்பு எடுக்க வேண்டும். முதல் நாள் போனக்காட்டின் கைவிடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்து, ஆறுகளைத் தாண்டி, அதிருமலை முகாம் வரை ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வழியில் ஏழுமடக்குத் தேரி, முட்டிடிச்சான் தேரி என்று இரண்டு ஏற்றங்கள் வரும். நம் ஊரில் தேரி என்றால் செம்மணல் மேடு, அங்கே செங்குத்தான ஏற்றம். முழங்கால் நெஞ்சில் இடிக்கும் என்பதை முட்டிடிச்சான் என்ற பெயரே சொல்லிவிடுகிறது. இரவு தகரக் கொட்டகையில் கஞ்சியும் பயறும். இரண்டாம் நாள் காலை உச்சிக்குக் கிளம்பி, திரும்பி வந்து தங்கி, மூன்றாம் நாள் இறக்கம். வலுவுள்ளவர்கள் உச்சியைத் தொட்ட அன்றே போனக்காடு வரை இறங்கிவிடுவார்கள். அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கடைசி ஐந்து கிலோமீட்டரில் களைத்த கால்தான் பிசகும்.

இப்போது பாறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். பருவதமலையில் கம்பி எங்கே இருக்கிறதோ அங்கே கால். அடுத்த அடியை மனிதர் முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார். அகத்தியமலையில் பொங்காலைப் பாறையைத் தாண்டி, குட்டை மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் புகுந்து வெளியே வந்தால், ஈரம் கசியும் வழுவழுப்பான பாறைச் சரிவுகள். செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள். கயிறு துணைக்குத்தான், காலுக்குரிய இடத்தை நாமே தேட வேண்டும். உடலைப் பாறையிலிருந்து சற்று விலக்கி, பாதம் முழுவதையும் அழுத்தி நடந்தால் வழுக்காது. பயந்து பாறையோடு ஒட்டினால் வழுக்கும். உச்சிக் காற்று ஆளைத் தள்ளும். தொற்றி ஏறும் கலையைக் கற்க வேண்டுமானால் அகத்தியமலைதான் ஆசான் என்று உறுதியாகச் சொல்வேன்.

சுமையிலும் இதே கதைதான். பருவதமலையில் பெரிய பையைக் கடப்பாறைப் படி வரை தூக்கிப் போனால் அது நம்மைப் பின்னால் இழுக்கும். ஐந்து கிலோவுக்குள், உடலோடு ஒட்டிய பைதான் சரி. அகத்தியமலையில் பையை அதிருமலையில் வைத்துவிட்டு, தண்ணீரும் மழைச் சட்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் போகலாம். முதுகுப்பைப் பயணம், பாறையேற்றம் இரண்டையும் பிரித்துத் தரும் அந்த அமைப்பு மிக நல்லது. தண்ணீரும் அங்கே வழியெல்லாம் ஓடுகிறது. பருவதமலைக்கு ஆளுக்கு மூன்று லிட்டராவது சுமந்து போங்கள்.

அகத்தியமலைக் காட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1987இல் இந்த மலைக்கு வந்த ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணி இனத்தார், களைப்பே தெரியாமல் ஏறினார்கள். அவர்கள் மென்ற சிறு பழம்தான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து உருவாகி, உரிமத் தொகையில் பாதி காணிகளுக்குப் பகிரப்பட்டது. பாதை முழுவதும் அவர்களுடைய நிலம். சத்தம் போட்டுக்கொண்டும் பிளாஸ்டிக் உறையை வீசிக்கொண்டும் அதில் நடப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. பெண்களுக்கு இங்கேயும் நெடுங்காலம் தடை இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 2019 ஜனவரி முதல் பெண்கள் உச்சிவரை போகிறார்கள்.

அனுமதி, பதிவு என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்குத் தேனி மாவட்டத்துக் குரங்கணியை நினைவூட்டுவேன். 2018 மார்ச்சில் அங்கே காட்டுத்தீயில் 23 பேர் இறந்தார்கள். கோடையில் காய்ந்த புல்வெளியில் தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அன்று கண்டோம். அந்தப் பருவத்தில் வனத்துறை பாதையை மூடினால் மாற்று வழி தேடாதீர்கள்.

என் தேர்வு அகத்தியமலை. பாறையில் கை வைத்தே பழகாதவர்கள் மட்டும் முதலில் பருவதமலைக்குப் போகட்டும். டிசம்பர் அல்லது ஜனவரி, பௌர்ணமி இல்லாத நாள், விடியற்காலை ஐந்து மணி, கையுறை. மலைக்கான நேரக் கட்டுப்பாடு அவ்வப்போது மாறுவதால் அடிவாரத்தில் கேட்டுவிட்டு ஏறுங்கள். அங்கே உயரம் தலைசுற்றவில்லை என்றால் அடுத்த ஜனவரித் தொடக்கத்தில் கேரள வனத்துறையின் பதிவு திறக்கும் நாளைக் கவனியுங்கள். யார் யார் வருகிறார்கள் என்று முன்பே முடிவு செய்து, அடையாள அட்டை விவரங்களை எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். வெள்ளிக்கிழமை புறப்பாட்டுக்கான இடங்கள்தாம் முதலில் தீர்ந்துபோகின்றன.